சுருளி பீடியை அணைத்த இடம்

மேகமலை
11-8-1974

அன்பு மகள் ஜெபராணிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கன நான் சுகம். அங்கன நீயும் அத்தையும் பவுனும் சுகம்தானா?

மலை ஏறி வந்து பத்து நாளாகிறது. மழை விட்ட பாடில்லை. அட்டைக் கடி தாங்காமல் ரெண்டு ஆட்கள் போடிக்கே திரும்பிவிட்டார்கள். காய் இந்த வருசம் நல்ல பிடிப்பு. ஜனவரி வரைக்கும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரை விட்டு நான் நகர முடியாது.

லாரி டிரைவர் சுருளியிடம் ரெண்டு தாவணி கொடுத்துவிட்டிருக்கிறேன். ரோஸ் பவுனுக்கு. போன கிறிஸ்மஸ் நாடகத்தில் மரியாளாக உட்கார்ந்து அவள் பாடின தாலாட்டுக்கு நான் ஒன்றும் கொடுக்காமல் வந்தது மனசில் கிடந்தது. அன்றைக்கு நானும் சுருளியும் லேட்டாக வந்து, உள்ளே இடமில்லாமல், கோயில் காம்பவுண்டுக்கு வெளியே லாரிப் பக்கத்தில் நின்றுதான் கேட்டோம். சுருளியை வாயில் பீடி இல்லாமல் நீ பார்த்திருக்கிறாயா? அவனே பீடியை அணைத்துவிட்டான். கூட்டத்தை இடித்துக்கொண்டு நான் உள்ளே வரும்போது பவுனு கடைசி வரியில் இருந்தாள். என் அக்கா மகளுக்கு இப்படி ஒரு தொண்டையா என்று எனக்கு ஆச்சரியம். மாமா சொன்னாக என்று அவளிடம் சொல்லு.

காப்பிக்கொட்டை நிறத் தாவணி உனக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே ஆத்தா. ரோஸ் உன் நிறத்துக்கு எடுக்காது. நான் சரக்கைப் பார்த்து உள்ளதைச் சொல்லிப் பிழைக்கிறவன். பெத்த மகள் என்று மாற்றிச் சொல்ல வராது. காப்பி நிறம் உனக்கு அடங்கும். அழுக்கும் தெரியாது.

எஸ்.எஸ்.எல்.சி. வருசம். கணக்கில் கவனம் வை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தவறாமல் போ.

உன் அப்பா
ஞானசிகாமணி


பழனிசெட்டிபட்டி
25-8-1974

அன்புள்ள அப்பாவுக்கு ஜெபராணியின் வணக்கம். நாங்கள் மூன்று பேரும் சுகம். அத்தைக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் நின்று நின்று முழங்கால் வலி. உங்கள் கால் எப்படி இருக்கிறது? அட்டை கடித்த இடத்தைச் சொறியாதீர்கள்.

தாவணி வந்தது. காப்பி நிறமும் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டைப் பற்றி நீங்கள் எழுதினதை எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பவுனு சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அத்தை, "சரி சரி, துணியை மடிச்சு வைங்க, ஈரம் பட்டுறப் போவுது" என்றார்கள். சுருளி அண்ணன் பீடியை அணைத்த இடத்தை நான் மட்டும் மறுபடியும் ஒரு தடவை படித்தேன்.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு விளையாட்டு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் பெஞ்சில் கையை வரிசையாக வைப்போம். யார் கை சிவப்பு என்று பார்த்து நம்பர் போடுவார்கள். பவுனு எப்போதும் ஒன்று. நாங்கள் ஒன்பது பேர். என் நம்பரை நான் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். முழங்கைக்கு உள்பக்கம் இருக்கிற நிறம்தான் கடவுள் கொடுத்தது, மற்றதெல்லாம் வெயில் கொடுத்தது, வெயில் கொடுத்ததை எப்படியாவது எடுத்துவிடலாம் என்று பவுனு சொல்கிறாள். என் உள்பக்கமும் அப்படி ஒன்றும் வித்தியாசமாக இல்லை. கொஞ்சம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது.

அப்பா, அம்மா சிவப்பா? நம்மிடம் இருக்கிற படத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் அன்பு மகள்
ஜெபராணி


மேகமலை
22-9-1974

அன்பு மகள் ராணிக்கு அப்பா. சுகம். உன் சுகமும் அத்தை முழங்காலும் எப்படி என்று எழுது. மருந்தெண்ணெய் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் நாற்றமடிக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்.

பதிலுக்கு லேட். காய் எடுப்பு உச்சத்தில் இருக்கிறது.

உங்க அம்மா நல்ல சிவப்பு. பெண் பார்க்கப் போனபோது என்னைப் பார்த்துவிட்டு அவள் தங்கச்சி உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது. அம்மா சிரிக்கவில்லை. நீ என்னைக் கொண்டு பிறந்துவிட்டாய். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

போடி பஜாரில் மூட்டை தூக்கின காலத்தில் என்னைக் 'கரிச்சட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு அதே ஆட்கள் முதலாளி என்கிறார்கள். காயை உடைத்து மோந்து பார்த்தே எந்தத் தோட்டம் என்று சொல்கிறவன் பஜாரில் நான் ஒருத்தன்தான். ஆம்பளைக்கு அது செல்லும். பொம்பளைப் பிள்ளைக்கு நிறத்தைத்தான் முதலில் கேட்பார்கள், உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அதனால்தான் படி படி என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். டீச்சர் உத்தியோகம் ஒன்று கையில் இருந்தால் கேட்கிற வாய் பாதி அடங்கும்.

பெஞ்சில் கையை வைக்கிற விளையாட்டை விட்டுவிடு. தோற்கிற இடத்தில் எதற்குப் போய்க் கையை நீட்டுகிறாய்? நான் சாம்பிள் காட்டும்போது பச்சைக் காயை மேலே போட்டு, நிறம் மட்டமான காயை அடியில்தான் வைப்பேன். மட்டமான காயை யாரும் தூரப் போடுவதில்லை. ஆனால் மேலே வைப்பதும் இல்லை.

உன் அப்பா


பழனிசெட்டிபட்டி
20-10-1974

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நீங்கள் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். எண்ணெய் தேய்த்து அத்தைக்கு வலி குறைந்திருக்கிறது. வீடு முழுக்க நாற்றம்.

கிறிஸ்மஸ் நாடகத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். இந்த வருசமும் மரியாள் பவுனுதான். எனக்கு இந்த வருசமும் திரைக்குப் பின்னால், மைக்குப் பக்கத்தில்தான் இடம். இருமக் கூடாது, காலை அசைக்கக் கூடாது.

நாடகம் பழக்குகிற டீச்சரிடம் நானே போய்க் கேட்டேன் அப்பா. "டீச்சர், இந்த வருசம் நான் முன்னால உக்காரட்டுமா? எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். "உனக்குத் தெரியும்மா, லைட் போட்டா உன் முகம் தெரியாதே" என்றார்கள். நான் போகாமல் நின்றுகொண்டே இருந்தேன். "சரி, டிசம்பருக்குள்ள வெளுத்துட்டு வா, பார்ப்போம்" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பயத்தமாவு, பாலாடை, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். மஞ்சள் போட்டால் கறுப்பு மேல் மஞ்சள்தான் தெரிகிறது. இப்போது பள்ளிக்கூடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிறேன். பையன்கள், "மழையே இல்ல, குடை எதுக்கு?" என்று கேலி பண்ணுகிறார்கள்.

அப்பா, சயன்ஸில் கந்தகம் பாடம் நடக்கிறது. எங்க ஸ்டோரில் கறுத்த காயைக் கந்தகப் புகையில் வெளுக்க வைப்பார்கள் என்று நான் சொன்னேன். டீச்சர் நம்பவில்லை. எப்படி என்று விவரமாக எழுதுங்கள். எவ்வளவு நேரம் வைப்பீர்கள்? காய்த்தோல் கெட்டுப்போகாதா? திரும்பவும் கறுத்துவிடாதா?

உங்கள் அன்பு மகள்
ஜெபராணி


மேகமலை
3-11-1974

அன்பு மகள் ராணிக்கு அப்பா எழுதுவது. சுகம், சுகம். உன் லெட்டரை நாலு தடவை படித்தேன். ஸ்டோர் மேஸ்திரிக்கும் படித்துக் காட்டினேன். "மொதலாளி, உங்களுக்கு ஆம்பளப் பிள்ள இல்லைங்கிற கொறை தீந்துச்சு" என்றான். இத்தனை வருசத்தில் நீ தொழிலைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

டீச்சருக்கு இப்படிச் சொல்லு. மழையில் நிறம் கெட்ட காயைப் பலகைத் தட்டில் பரப்பி, சின்ன அறைக்குள் வைத்து, காற்று போகாமல் அடைத்துவிடுவோம். அடியில் இரும்புச் சட்டியில் கந்தகத்தைப் பற்ற வைப்போம். புகை காயைச் சுற்றிச் சுற்றி நிற்க வேண்டும், அதுதான் சூட்சுமம். திறந்து பார்த்தால் கறுத்ததெல்லாம் வெளுத்திருக்கும். தோலுக்கு ஒரு சேதமும் இல்லை. திரும்பக் கறுக்காது. ஆட்கள் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார்கள். கொஞ்சம் இருமல் வரும், போய்விடும்.

மணம் குறையும், அது உண்மை. ஆனால் அதை எவன் பார்க்கிறான்? வாங்குகிறவன் முதலில் கண்ணால்தான் வாங்குகிறான். மூக்கு அதற்கப்புறம்தான்.

வகுப்பில் காட்டுவதற்கு ஒரு பொட்டலம் கந்தகம் சுருளியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். புகை போடாத காய் பத்து, புகை போட்ட காய் பத்து, தனித்தனியாக மடித்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. நம்பாத டீச்சர் நம்புவாக.

நாடகத்தில் திரை, மைக் எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலையைச் சின்னதாக நினைக்காதே. அந்த ஆள் இல்லாவிட்டால் எந்த நாடகமும் நடக்காது. டீச்சர் அவுக சரக்கைப் பார்த்து எதை எங்கே வைக்கணுமோ அங்கே வைத்திருக்கிறாக. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். இந்தத் தடவை நேரத்தோடு இறங்கி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து பவுனு பாட்டைக் கேட்கப்போகிறேன்.

உன் அப்பா


பழனிசெட்டிபட்டி
24-11-1974

அன்புள்ள அப்பாவுக்கு ஆயிரம் வணக்கம். நான் ரொம்பச் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

பொட்டலம் வந்தது. ரெண்டு மடிப்புக் காயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்பவே முடியவில்லை அப்பா. கறுப்பு எங்கே போனது?

ஒத்திகை தினமும் நடக்கிறது. தொண்டை கட்டாமல் இருக்க அத்தை எனக்குக் காலையும் மாலையும் மிளகுப் பால் தருகிறார்கள்.

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி கட்டாயம் வாருங்கள். சொன்னபடி முன்வரிசையில் உட்காருங்கள். வெளியே நிற்காதீர்கள். உங்களுக்கு ஒன்று காட்டப்போகிறேன், இப்போது சொல்ல மாட்டேன். சுருளி அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ரோஸ் தாவணியை அன்றைக்கு ஒரு நாள் கட்டக் கொடு என்று பவுனிடம் கேட்டேன். சரி என்றுவிட்டாள்.

உங்கள் அன்பு மகள்
ஜெபராணி


மதுரை
9-12-1974

தம்பி ஞானசிகாமணிக்கு அக்கா ஜெபமணி எழுதுவது.

சனிக்கிழமையே தந்தி கொடுத்தேன். மலை ரோடு சரிந்து, தந்தி சின்னமனூரோடு நின்றுவிட்டதாம். அதனால் இதைச் சுருளியிடம் கொடுத்து நடந்தே ஏறச் சொல்லியிருக்கிறேன். படித்த கையோடு புறப்பட்டு வா. உயிருக்கு இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ராணி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஏழாம் தேதி காலையில் நான் சந்தைக்குப் போயிருந்தேன். அவள் குளிக்கிற அறையைச் சாத்திக்கொண்டு, ஜன்னலில் துணியை அடைத்து, இரும்புச் சட்டியில் கந்தகத்தைப் பற்ற வைத்து, ஜலதோசத்துக்கு வேது பிடிக்கிற மாதிரி கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூக்கில் ஈரத்துண்டு கட்டியிருந்தாள். பவுனு இருமல் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான், இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறாள். அப்புறம் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்துதான் கதவை உடைத்தார்கள்.

கண் தப்பிவிட்டது. தொண்டையும் நெஞ்சும் உள்ளே வெந்துபோயிருக்கிறது என்கிறார்கள். சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறாள். முதலில் கண்ணாடி கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

பொட்டலத்தில் என்ன இருந்தது என்று சுருளிக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. நீயும் வழியில் சொல்லிவிடாதே.

இத்துடன் உன் கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. தோலுக்குச் சேதம் இல்லை என்கிற வரிக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு இருக்கிறது. கோடு போட்டது நான் இல்லை.

உன் அக்கா


மேகமலை
2-2-1975

அக்காவுக்குத் தம்பி எழுதுவது. சுகம். உங்கள் மூவரின் சுகமும் அறிய வேண்டும். ராணியை வீட்டுக்குக் கூட்டி வந்த விவரம் சுருளி சொன்னான்.

மதுரையிலிருந்து வந்து மூன்று வாரமாகிறது. எடுப்பு முடிந்தது. கடைசிக் காய் கொஞ்சம் மழையில் மாட்டி நிறம் கெட்டுவிட்டது. அப்படியே மூட்டை கட்டச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி, "மொதலாளி, பொகை போடலையா?" என்றான். அந்த அறையில் விறகு அடுக்கச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நான் கூட இருந்த ஒரு மாசமும் அவள் சிலேட்டில் என்னிடம் 'சாப்பிட்டீர்களா' என்று மட்டும்தான் எழுதினாள். நானும் சாப்பிட்டேன் என்று சொன்னேன். டாக்டர் கடைசியாக என்ன சொன்னார் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று. கிறிஸ்மஸ் நாடகத்தில் அந்தத் தாலாட்டு இல்லாமலே முடித்துவிட்டார்களாம். பவுனு பாட மாட்டேன் என்று அழுதாளாமே? ஏன் அக்கா? ராணி இப்படிக் கிடக்கிற வருத்தமாக இருக்கும். நீங்கள் அவளை வீட்டில் பாடச் சொல்லுங்கள். அந்தப் பாட்டு காதில் விழுந்தால் ராணிக்கு மனசு ஆறும். ரோட்டில் போகிற எங்களுக்கே ஆறிச்சே.

தம்பி
ஞானசிகாமணி


பழனிசெட்டிபட்டி
16-2-1975

தம்பிக்கு அக்கா. சுகத்துக்கு என்ன எழுத? கர்த்தர் நடத்துகிறார்.

டாக்டர் சொன்னதை ஒளிக்காமல் கேட்டாய். பேச்சு வரும், வந்திருக்கிறது. கரகரவென்று, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மாடிப்படி நாலு ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். குரல் பழையபடி திரும்பாது. இதற்கு மருந்து இல்லை என்றுவிட்டார்.

நீ கேட்ட இன்னொன்றுக்கும் ஒளிக்காமல் பதில் எழுதுகிறேன். இதை ஆகஸ்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பவுனுக்குப் பாட வராது தம்பி. ஞானப்பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே சுருதி தப்புவாள். அவள் முன்னால் உட்கார்ந்து உதட்டை அசைப்பாள். திரைக்குப் பின்னால் மைக்கில் பாடுவது ராணி. போன வருசமும் அப்படித்தான். நீ லாரிப் பக்கத்தில் நின்று கேட்டது உன் மகளைத்தான்.

நீ ரோஸ் தாவணி அனுப்பினபோது ராணி உன் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று பார்த்தாள். துணியை மடிச்சு வை என்று சொன்னேன். என் மகளை ஒருத்தர் புகழ்ந்து எழுதியது எனக்கு இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பு ஒரு நாள் இருக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று போய்விட்டது. நாற்பது பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் எடுக்கிற டீச்சர் நான்.

அன்றைக்கு அவள் உனக்குக் காட்டுகிறேன் என்று எழுதினாளே, அது இதுதான். வெளுத்த முகத்தோடு முன்னால் வந்து உட்கார்ந்து, நீ பார்க்கப் பாட வேண்டும் என்று இருந்தாள்.

பவுனு அந்தத் தாவணியைத் துவைத்து மடித்து ராணியின் பெட்டியில் வைத்தாள். ராணி அதை எடுத்துத் திரும்பப் பவுனு பெட்டியிலேயே வைத்துவிட்டாள். அவர்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ஒரே பாயில்தான் படுக்கிறார்கள்.

உன் அக்கா
ஜெபமணி


மேகமலை
20-4-1975

அன்பு மகள் ராணிக்கு அப்பா.

சுகம் கேட்டு எழுத ரெண்டு மாசமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அத்தை எழுதின லெட்டர் கிடைத்தது. நான் நவம்பரில் உனக்கு எழுதினதும் என்னிடம்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை. கிழித்தால் எழுதாததாக ஆகிவிடுமா?

நானும் சுருளியும் பாட்டுக் கேட்ட அன்றைக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆகஸ்டில் பாதிதான் எழுதினேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

லாரியை நிறுத்திவிட்டு இறங்கினோம். காம்பவுண்டுச் சுவரும், அதற்கு மேலே கட்டின குழாய் ஸ்பீக்கரும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சுருளி பீடி பற்ற வைத்தான். நான் அவனிடம் மறுநாள் லோடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று பார்க்கிறேன், பீடியை அணைத்துவிட்டான். "ஏலே, என்னடா?" என்றேன். "பேசாதீக மொதலாளி" என்றான். என்னிடம் வேலை பார்க்கிறவன் எவனும் என்னை அப்படிச் சொன்னதில்லை. நானும் பேசாமல் நின்றேன். எதிர்க்கடைக்காரன் தராசைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து நின்றான். சைக்கிளில் போனவன் ஒரு காலை ஊன்றி நின்றான்.

இது யார் பிள்ளையோ என்று நினைத்தேன். பெத்தவன் கொடுத்து வச்சவன் என்று நினைத்தேன். அதற்கப்புறம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பவுனு முகத்தைப் பார்த்தேன், பவுனு என்று முடிவு பண்ணிவிட்டேன். போடியில் எல்லாரும் என்னைக் கண்ணால் ஏமாற்ற முடியாதவன் என்பார்கள்.

வாங்குகிறவன் முதலில் கண்ணால்தான் வாங்குகிறான் என்று உனக்கு எழுதினேன். அந்த ரோட்டில் நின்ற எங்கள் யாருக்கும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை ஆத்தா. சுவர்தான் தெரிந்தது. நான் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்துதான் அப்படி எழுதியிருக்கிறேன்.

பாட்டு எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. காயாக இருந்தால் எழுதுவேன்.

நீ பதில் போடாவிட்டாலும் நான் எழுதுவேன்.

உன் அப்பா


பழனிசெட்டிபட்டி
4-5-1975

அன்புள்ள அப்பாவுக்கு ஜெபராணி. நான் சுகம் என்று எழுதினால் பொய். முன்னைக்கு இப்போது தேவலை. பேசினால் மூச்சு வாங்குகிறது. எழுதினால் வாங்கவில்லை. பரீட்சை செப்டம்பரில் எழுதலாம் என்று அத்தை சொன்னார்கள். நீங்கள் மழைக்கு முன்னால் கொஞ்ச நாள் இங்கே வந்து இருங்கள்.

முகம் அப்படியேதான் இருக்கிறது அப்பா. நெற்றியில் மட்டும் கொஞ்சம் தோல் உரிந்து, அதே நிறத்தில் புதுத்தோல் வந்துவிட்டது. பெஞ்சில் கை வைக்கிற விளையாட்டுக்குப் பவுனு இப்போது போவதில்லையாம்.

உங்கள் லெட்டரைப் படித்தேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். தாலாட்டு மொத்தம் நாலு அடி. முதல் அடி எடுப்பு சுலபம். ரெண்டாம் அடியில் எனக்கு எப்போதும் கொஞ்சம் இறங்கும், அன்றைக்கு இறங்கவில்லை. மூன்றாவதுதான் கஷ்டம். சுருளி அண்ணன் பீடியை அணைத்தது எந்த அடியில்? உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் அவரைக் கேட்டு எழுதுங்கள். தெரிந்துகொள்ளத்தான். வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் மகள்
ஜெபராணி


தபால் கார்டு
சின்னமனூர்
11-5-1975

அன்பு மகளுக்கு அப்பா. வியாழக்கிழமை பஸ்ஸில் அங்கன வருகிறேன். ஒரு மாசம் இருப்பேன்.

சுருளியைக் கேட்டேன். பாடினது நீதான் என்றும் சொன்னேன். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "எந்த அடியும் இல்ல மொதலாளி. பாட்டு இன்னும் ஆரம்பிக்கல. பாப்பா மூச்ச இழுத்தது கொழாயில கேட்டுச்சு. அப்பவே அணைச்சிட்டேன்."

உன் அப்பா